ஓரகத்தி மாட்டு உண்ணி

சிலமலைக் குருவம்மாளுக்கு அந்த வருஷம் தூக்கம் கெட்டதற்குக் காரணம் ஒரு உண்ணி. அதுவும் அவள் மாட்டு உண்ணி இல்லை, ஓரகத்தி செல்லக்கிளியின் மாட்டு உண்ணி. தன் மாட்டில் இருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுத்திருப்பாள். அடுத்தவள் மாட்டில் இருப்பதை என்ன செய்ய?

விஷயம் போடியில் ஆரம்பித்தது. யுத்த காலத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடிக்கு மறுபடி ரயில் வந்த கொஞ்ச காலத்தில், அந்த ரயிலிலேயே ஓர் ஆபீசும் வந்து இறங்கியது. ஏலக்காய் மண்டி ஒன்றின் மாடியில் பலகை மாட்டினார்கள்: 'உண்ணி எதிர்ப்புக் கண்டறி நிலையம்'. மாடிக்குப் போய்வந்தவர் மேலெல்லாம் ஏலக்காய் மணக்கும். அதைத் தவிர அந்த ஆபீசால் ஊருக்கு ஒரு நன்மை என்று யாரும் சொன்னதில்லை.

மாட்டு உண்ணியைக் கொல்ல சர்க்கார் ஒரு வெள்ளைப் பொடி கொடுத்தது. மலேரியாக்காரர்கள் வீட்டுச் சுவரில் அடிக்கிற சரக்குக்குத் தாயாதி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பொடிக்குச் சாகாத உண்ணி எங்கேயாவது கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பது நிலையத்தின் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டுக்குப் பொடி பூசுவார்கள். அடுத்த செவ்வாய் வந்து பார்ப்பார்கள். உண்ணி சுருங்கி உதிர்ந்திருந்தால் செத்தது என்று அர்த்தம். சுருங்காமல் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பொடியை ஜெயித்தது என்று அர்த்தம்.

ஆபீசர் பெயர் சத்தியநேசன். தலையில் தக்கைத் தொப்பி, இடுப்பில் மடிப்புக் கலையாத கால்சட்டை. உண்ணிக்கும் ஆபீசருக்கும் நடுவே நாலடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது நிலையத்து விதி. கிட்டப் போய்த் தொட்டுப் பார்ப்பது பியூன் அமாவாசையின் சோலி. அமாவாசை தடவிப் பார்த்து, "செத்துருச்சுங்கய்யா" என்பான். சத்தியநேசன் நாலடி தள்ளி நின்று வருத்தப்படுவார்.

வருத்தப்படக் காரணம் இருந்தது. தேவாரத்துக் கிளை ஆபீசர் ஆதித்தன் போன மழைக்காலத்திலேயே சாகாத உண்ணி ஒன்றைக் கண்டுபிடித்து, அதைக் காட்டி ஜீப்பு வாங்கிவிட்டார். சத்தியநேசனோ பொடி டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் போகிறவர். முன் சீட்டுக்காரன் தும்முகிறபோதெல்லாம், எதிரே புழுதி கிளப்பிக்கொண்டு ஆதித்தனின் ஜீப்பு கடந்து போகும். போதாததற்கு, பங்குனிக்குள் ஒரு சாகாத உண்ணியாவது அகப்படாவிட்டால் போடி ஆபீசை மூடிவிடுவதாக மெட்ராஸிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் அவர் சிலமலைக்கு வந்து, ஒரே தெருவில் ஒரே சுவர் பங்கான இரண்டு கொட்டங்களில் நின்ற இரண்டு மாடுகளுக்குப் பொடி பூச வைத்தார். ஒன்று குருவம்மாளின் மயிலைப் பசு, சினையாக இருந்தது. மற்றது கொழுந்தன் பெண்டாட்டி செல்லக்கிளியின் செவலை.

குருவம்மாளின் மாடு சுத்தமான மாடு. சாயங்காலமானால் சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, காது மடல், தாடை, வால் அடி என்று தேடி, ஆமணக்கு முத்துப்போல் ஊதியிருக்கும் உண்ணிகளைக் கிள்ளி உள்ளே போடுவாள். செல்லக்கிளிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் பொழுதெல்லாம் மாட்டுக்குக் கண்ணேறு படாமல் பார்த்துக்கொள்வதிலேயே போய்விடும்.

அடுத்த செவ்வாய் ஆபீசர் வந்தார். குருவம்மாள் பூரித்துப்போய் ஓடினாள்.

"ஐயா, கும்பிடுறேன். ஒண்ணு மிச்சமில்லாம செத்துப்போச்சுங்க!"

சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்போல் சத்தியநேசன் அவளைப் பார்த்தார். "எல்லாமுமா?"

"அம்புட்டும்!"

"பரவாயில்லை. மனசைத் தளர விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டத்துக்குப் போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து அமாவாசையின் சத்தம் கேட்டது.

"ஐயா! உதிரலீங்க! சுருங்கலீங்க! கொழுகொழுன்னு இருக்குங்க!"

சத்தியநேசன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண் கலங்கியதாகக்கூடச் சொல்கிறார்கள்.

மறுவாரம் சிலமலையில் பந்தல், மேளம், மதுரையிலிருந்து போட்டோக்காரர். செவலைக்குக் கதம்ப மாலை. செல்லக்கிளிக்கு ஆபீசர் பக்கத்தில் நாற்காலி. அவள் அதில் நுனியில் உட்கார்ந்திருந்தாலும் முகம் என்னவோ சிம்மாசனத்தில்தான் இருந்தது. சத்தியநேசன் பேசினார்:

"பெரியோர்களே! உண்ணியை ஒழிப்பதற்காக இந்த நிலையம் ஏற்பட்டது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்ணி ஒழிந்துவிட்டால் உண்ணியை ஆராய்வது யார்? ஆராய்கிறவர்களின் பெண்டு பிள்ளைகள் என்ன ஆவது? செல்லக்கிளி அம்மாளின் மாடு அந்தப் பேராபத்திலிருந்து நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. இன்று முதல் இந்த உண்ணிகள் அரசாங்கத்தின் சொத்து. யாரும் கை வைக்கக் கூடாது. மாட்டின் சொந்தக்காரர் உட்பட!"

கொட்டத்து வாசலில் தகரப் பலகை அடித்தார்கள்: 'அரசு அங்கீகாரம் பெற்ற உண்ணி'. மாடு மெலியாமல் இருக்க மாதம் ஒரு மூட்டைப் பிண்ணாக்கு என்றும் உத்தரவாயிற்று. சத்தியநேசனுக்கு ஜீப்பு வந்தது. முதல் சவாரியாக அவர் அதைத் தேவாரத்துக்கு விடச் சொல்லி, ஆதித்தன் ஆபீஸ் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பினாராம். ஊர் சொல்லுகிறது, நாம் கண்டோமா?

குருவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு போகும்போதெல்லாம் அந்தத் தகரம் வெயிலில் மின்னி அவள் கண்ணைக் குத்தியது. மாடு குளிப்பாட்டாத சிறுக்கிக்கு மாலை, நாள் தவறாமல் உண்ணி பிடுங்கினவளுக்கு ஆறுதல் வார்த்தையா? ஜீப்பு ஏறி அல்ல, பஸ்சு ஏறிப் போடிக்குப் போய் மாடிப்படியேறினாள்.

"ஐயா, எம் மாட்டையும் இன்னொருக்கப் பாருங்கய்யா. மொத வாட்டி ஏதோ அசந்துருச்சுக."

சத்தியநேசன் இரக்கத்தோடு சிரித்தார். "அம்மா, வீரம் பிறவியில் வர வேண்டும். உங்கள் உண்ணி பொடியைக் கண்டதும் விழுந்துவிடுகிறது. சாதாரண உண்ணி. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?"

'சாதாரண உண்ணி' என்ற சொல்லைச் சுமந்துகொண்டு அவள் வீடு வந்தாள். அன்றிலிருந்து சிரட்டையைத் தொடவில்லை. உண்ணி பெருகட்டும், பெருத்து வீரம் வரட்டும் என்று விட்டுவிட்டாள். காளியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

அவள் புருஷன் வேலுச்சாமி மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவன். வாரம் ஒருக்க இறங்கி வருவான். வந்தவன் மாட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏண்டி, ஊருல பாலு கூடணும்னு நேந்துக்குவாக. உண்ணி கூடணும்னு நேந்துகிட்ட மொத ஆளு நீதாண்டி. சினை மாடு, நெனப்பிருக்கட்டும்."

"ஒங்களுக்கென்ன, மலை மேல போயி உக்காந்துக்கிருவீக. அந்தப் பலகையப் பாத்துக்கிட்டுத் தண்ணி தூக்கறது நானுல்ல!"

கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. செல்லக்கிளி சந்தைக்குப் போன ஒரு மத்தியானம், சுவர் ஏறிக் குதித்துச் செவலையிடம் போனாள். அரை வயிறு நிரம்பின பிஞ்சு உண்ணிகளாகப் பார்த்து, வெற்றிலையில் மடித்து மடியில் கட்டிக்கொண்டு வந்து, தன் மயிலையின் மேல் விட்டாள். உண்ணிக்கு ஓரகத்தி வீடு, சொந்த வீடு என்ற பேதம் தெரியவில்லை. கவ்விக்கொண்டது. பிறகு அமாவாசையிடம் கெஞ்சி வாங்கின பொடியைப் பூசிவிட்டுக் காத்திருந்தாள்.

நாலாம் நாளே அத்தனையும் சுருங்கி உதிர்ந்தன.

குருவம்மாளுக்கு முதலில் அழுகை வந்தது. அரசாங்க உண்ணிகூடத் தன் மாட்டுக்கு வந்தால் சாதாரண உண்ணி ஆகிவிடுகிறதே, இது என்ன ராசி! அப்புறம்தான் சந்தேகம் வந்தது. அடுத்த செவ்வாய், ஜீப்பு வந்து செவலைக்குப் பொடி பூசிவிட்டுப் போனதும், சுவர் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜீப்புப் புழுதி அடங்கவில்லை. செல்லக்கிளி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். உப்பைக் கரைத்து, வைக்கோலைச் சுருட்டி, கொம்பு தொடங்கிக் குளம்பு வரை தேய்த்துக் கழுவினாள். பொடியெல்லாம் பால்போல் வாய்க்காலில் ஓடியது. கூடவே வாய் ஓயாமல் ஓதினாள்:

"ஊர்க் கண்ணு, ஒறவுக் கண்ணு, வந்த கண்ணு, போன கண்ணு, எல்லாக் கண்ணையும் விட எங்க ஓரகத்தி குருவம்மா கொள்ளிக் கண்ணு... தூ! தூ! தூ!"

அவ்வளவுதான் சங்கதி. ஆபீசர் வந்து மாட்டைப் பார்த்தால் ஊர் பார்க்கும், ஊர் பார்த்தால் குருவம்மாள் பார்ப்பாள், குருவம்மாள் பார்த்தால் மாடு விளங்காது. ஆகவே ஒவ்வொரு தடவையும் கழுவிவிட்டாள். இவள் எவ்வளவு பொறாமைப்பட்டாளோ அவ்வளவு நன்றாக அவள் கழுவினாள். அவள் எவ்வளவு கழுவினாளோ அவ்வளவு உண்ணிக்கு வீரம் கூடியது.

தன் பெயரைக் கேட்ட ஆத்திரத்தில் குருவம்மாள் மறுபடி போடிக்குப் போனாள்.

"ஐயா, அது சாகாத உண்ணி இல்லீக! நீங்க அங்கிட்டுப் போகவும் இவ இங்கிட்டு மாட்டைக் கழுவிர்றா. பொடி ஒட்டுனாத்தானய்யா சாகும்?"

"எதைக் கொண்டு கழுவுகிறார்?"

"தண்ணியக் கொண்டுதான்."

சத்தியநேசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அம்மா, தண்ணீர் வேறொரு இலாகா. மாடு குளிப்பாட்டுவது இன்னொரு இலாகா. கண்ணேறுக்கு இலாகா இருக்கிறதோ என்னவோ, விசாரிக்க வேண்டும். எங்களுக்கு உண்டானது உண்ணி மட்டும். போன செவ்வாய் பொடி பூசினோமா? பூசினோம். இந்தச் செவ்வாய் உண்ணி இருந்ததா? இருந்தது. நடுவில் நடப்பதைப் பார்க்க இந்த நிலையத்துக்கு அதிகாரம் கிடையாது."

"நான் சோதிச்சே பாத்துட்டேங்கய்யா! அவ மாட்டு உண்ணிய எடுத்து எம் மாட்டுல விட்டேன். பொடி போட்டேன். அம்புட்டும் உதுந்துபோச்சு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அமாவாசை, கதவைச் சாத்து" என்றார் சத்தியநேசன் மெதுவாக. "அரசாங்க உண்ணியைத் திருடியிருக்கிறீர்கள். திருடியதோடு நில்லாமல் கொலையும் செய்திருக்கிறீர்கள். மெட்ராஸிலிருந்து டைரக்டர் வருகிறார். தீர்ப்பு அவர் சொல்லட்டும்."

டைரக்டர் வந்தார். சிலமலையில் மறுபடி பந்தல். குருவம்மாள் கூட்டத்தின் ஓரத்தில், போலீஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்தபடி கைகட்டி நின்றாள். டைரக்டர் செவலையைச் சுற்றி வந்தார். பலகையைப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாகாத உண்ணி, சரி. எதைக் காட்டிலும் சாகாத உண்ணி?"

சத்தியநேசன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒப்பிட்டுக் காட்ட, சாகிற உண்ணி ஒன்று உங்கள் நிலையத்தில் இருக்க வேண்டுமே! தேவாரத்தில் ஆதித்தன் வைத்திருக்கிறாரே!"

ஆதித்தன் என்ற பெயர் காதில் விழுந்ததும் சத்தியநேசனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண் கூட்டத்தைத் துழாவியது. குருவம்மாள் மேல் வந்து நின்றது.

"இருக்கிறது ஐயா! இதோ, இந்த அம்மாள்! இவர் கொட்டத்துக்குள் வந்தால் எப்பேர்ப்பட்ட உண்ணியும் சாகும். நாங்களே ரகசியமாகப் பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டோம்!"

திருட்டும் கொலையும் அந்த நிமிஷத்தில் பரீட்சையாகிவிட்டன. போலீசுக்குப் பதில் மாலை வந்தது. குருவம்மாள் கொட்டத்திலும் தகரம் ஏறியது: 'ஒப்பு மாடு'. செல்லக்கிளி பலகையைவிட ஒரு சாண் அகலம். பிண்ணாக்கு இரண்டு மூட்டை. குருவம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள், நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து. செல்லக்கிளியின் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் போனதைப் பார்க்கப் பார்க்க, இத்தனை மாதத்துக் குத்தலும் இறங்கியது.

"நல்லாத்தான் இருக்கு அக்கா ஒங்க மாடு" என்றாள் செல்லக்கிளி, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து.

குருவம்மாள் சட்டென்று முந்தானையை விரித்து மயிலையின் முகத்தை மறைத்தாள்.

ஆனால் மாட்டைக் கெடுத்தது அந்தக் கண் அல்ல, ஆபீசர் போகும்போது சொல்லிவிட்டுப் போன விதி. "அம்மா, உங்கள் மாட்டில் மறுபடி ஏறியிருப்பது சாகக்கூடிய உண்ணி. செத்துவிட்டால் ஒப்பிட ஏது? ஆகையால் இதற்குப் பொடி கிடையாது. கையாலும் பிடுங்கக் கூடாது. மாசிக் கடைசியில் டைரக்டர் முன்னால் பரீட்சை. அன்றைக்குத்தான் பூசுவோம், அதற்குப் பிறகுதான் அது சாக வேண்டும். அதுவரை கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுங்கள்."

அமாவாசை வாரம் தவறாமல் வந்து, வாசலில் நின்றபடியே உண்ணி குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துப் போனான். மயிலை கரைந்துகொண்டே வந்தது. இரண்டு மூட்டைப் பிண்ணாக்கையும் மாடு தின்றது, மாட்டை உண்ணி தின்றது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே காகிதம்போல் வெளுத்திருந்தது. எழுந்து நிற்கவே யோசித்தது. கன்று போட நாள் நெருங்கிவிட்டது.

"பலகையக் கழட்டி எறிஞ்சிட்டு மாட்டைக் காப்பாத்து" என்றான் வேலுச்சாமி.

"கழட்டுனா அவ பலகை மட்டும் மின்னும்."

"அப்ப மாடு சாகட்டும்."

"மாடும் சாகக்கூடாது, பலகையும் போகக்கூடாது."

வேலுச்சாமி மலையிலிருந்து கொண்டுவந்த பலாப்பழத்தை அவள் அப்போது அரிந்துகொண்டிருந்தாள். விரலெல்லாம் பால் பிசுபிசுத்தது. கொல்லையில் பறித்துக் கூரையில் கட்டியிருந்த ஆமணக்குக் குலையிலிருந்து முத்து ஒன்று உதிர்ந்து, அந்தக் கையில் ஒட்டிக்கொண்டது. உதறினாள், விழவில்லை. பழுப்பும் சாம்பலுமாய்ப் பளபளத்த முத்தை விளக்குமாற்றுக் குச்சியால் நெம்பி எடுக்கப் போனவள், கையை அப்படியே வைத்துக்கொண்டு மாட்டைப் பார்த்தாள்.

மறுநாள் மயிலையின் மேல் உண்ணி ஒன்றுகூட இல்லை. அத்தனையும் சிரட்டையில் மண்ணெண்ணெய்க்குள் கிடந்தன. அவை இருந்த இடத்தில், நாக்கு எட்டாத காது மடலிலும் கழுத்து மடிப்பிலும், பலாப்பாலில் பதித்த ஆமணக்கு முத்துக்கள் வரிசை பிசகிக் கிடந்தன. மாடு இரண்டு வாரத்தில் தேறியது.

மாசிக் கடைசியில் டைரக்டர் வந்து, நாலடி தள்ளி நின்று, பொடி பூசச் சொன்னார். போடியிலேயே தங்கியிருந்து அடுத்த செவ்வாய் பார்க்க வந்தார். அமாவாசை தடவினான். ஒன்றை நெம்பி எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். குருவம்மாளை ஒரு பார்வை பார்த்தான். உண்ணி இல்லையென்றால் ஆபீஸ் இல்லை, ஆபீஸ் இல்லையென்றால் பியூன் ஏது?

"உதிரலீங்கய்யா. சுருங்கலீங்க" என்றான். பிறகு மனசு கேட்காமல், "நல்லா எண்ணெ பிடிச்ச உண்ணிங்க" என்றும் சேர்த்துக்கொண்டான்.

டைரக்டர் புருவத்தைத் தூக்கினார். "இது சாகிற உண்ணி அல்லவா? ஏன் சாகவில்லை?"

சத்தியநேசன் ஒரு கணம் ஆடிப்போனார். ஆனால் பங்குனி வந்துவிட்டது, தேவாரம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். அதாவது மாட்டுக்கு நாலடி என்பது மூன்றடியாயிற்று. அந்த நிலையத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை.

"ஐயா, ஒரே சுவர் பங்கு. அந்தப் பக்கத்து உண்ணிக்கு மாலை, மேளம், பலகை. இந்தப் பக்கத்து உண்ணி எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருக்கும்? ரோஷம் வந்துவிட்டது. உண்ணி இனத்தில் எதிர்ப்பு பொறாமையால் பரவுகிறது. இதை முதன்முதலில் கண்டது தேவாரம் அல்ல, போடி!"

பந்தலே அதிர்ந்தது. டைரக்டர் கைகுலுக்கினார். "இந்தக் குணம் உண்ணிக்கு எங்கிருந்து வந்ததோ!" என்று வியந்து, நிலையத்துக்கு மண்டி மாடி போதாது, சொந்தக் கட்டடம் வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார். அமாவாசை நெம்பிய முத்தை ஈரப் பஞ்சில் பொதிந்து, புட்டியில் போட்டு, ரயிலில் மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள்.

பங்குனியில் மயிலை நல்ல கிடாரிக் கன்றாகப் போட்டது. அதே வாரத்தில் மெட்ராஸிலிருந்து சேதி வந்தது. புட்டியிலிருந்த உண்ணி பச்சையாக இரண்டு இலை விட்டிருக்கிறதாம். பொடிக்கு அஞ்சாத உண்ணி இப்போது ரத்தத்தையும் கைவிட்டு, வெயிலைக் குடித்து வாழப் பழகிவிட்டது என்று பெரியவர்கள் ஏகமனதாக முடிவு கட்டி, புட்டிக்குத் தனி அறையும் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளும் போட்டார்கள்.

செல்லக்கிளிக்கு அது பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாகவே சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒங்க மாட்டு உண்ணி மட்டும் எப்பிடி அப்பிடி மினுமினுங்குது?"

"வளப்புடி, வளப்பு" என்றாள் குருவம்மாள், கன்றைத் தடவிக்கொண்டே.

சித்திரைக் கோடை மழை பெய்து கொஞ்ச நாளாகியிருக்கும். செல்லக்கிளி கொல்லையில் என்னவோ தளதளவென்று எழும்புவது தெரிந்து, குருவம்மாள் சுவரில் கையூன்றி எட்டிப் பார்த்தாள். வரப்பு நெடுகிலும் ஆமணக்கு. அதே மழைக்குத் தன் கொல்லையில் முளைத்த செடியைவிட ஒரு சாண் உயரம்.

அன்றைக்கு அவளுக்கு மறுபடி தூக்கம் வரவில்லை.